எல்லா விளையாட்டும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வீடியோ கேம்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையின் அக்கறை நியாயமானதே. ஆனால் எல்லா கேம்களையும் ஒரே தராசில் நிறுத்தியதை ஏற்க முடியவில்லை.

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் மைன்கிராஃப்ட் ஆடுகிறாள். ரெட்ஸ்டோன் என்ற தூளைத் தரையில் கம்பிபோல் இழுத்து, விசையைத் தட்டினால் கதவு திறக்கும்படி அமைக்கிறாள். 15 கட்டங்களுக்கு மேல் சமிக்ஞை போகாது, நடுவே ரிப்பீட்டர் வேண்டும் என்று எனக்கு விளக்குகிறாள். மின்சுற்றின் அடிப்படை விளையாட்டாகவே பிடிபடுகிறது. குறை, இந்த ஆட்டத்துக்கு முடிவில்லை. பெரியவர்கள்தான் நேரம் வரையறுக்க வேண்டும்.

1984இல் சோவியத் ரஷ்யாவில் உருவான டெட்ரிஸ் கண்ணையும் கையையும் கூர்மையாக்கும். கற்பனைக்கு அதில் இடம் குறைவு. குழுவாகச் சுடும் ஆட்டங்களில் ஒத்துழைப்பும் உடனடி முடிவும் பழகலாம். ஆனால் பாதியில் நிறுத்தினால் கூட்டாளிகள் தோற்பார்கள் என்பதால், சாப்பிடக் கூப்பிட்டால்கூடப் பிள்ளைகள் எழுவதில்லை. சில கேம்களில் காசு கொடுத்து, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத அதிர்ஷ்டப் பெட்டியைத் திறக்கும் ஏற்பாடோ இன்னும் ஆபத்தானது. பெல்ஜியம் 2018இலேயே அதைச் சூதாட்டம் என்று அறிவித்தது.

எனவே, மாதம் ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு அலசும் பகுதி ஒன்றைத் தொடங்குங்கள். எந்த வயதுக்கு ஏற்றது, விளம்பரம் வருமா, உள்ளே பணம் கேட்குமா, நினைத்த நேரத்தில் நிறுத்த முடியுமா என்ற நான்கு கேள்விகளுக்குப் பதில் இருந்தால் போதும். பெற்றோர் தெளிவாக முடிவெடுப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை