எந்த நிலத்தின் பருவம்?

பவேரியாவில் 1553ஆம் ஆண்டின் ஆணை, ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் வடிப்பதைத் தடை செய்தது. கோடை வெப்பத்தில் நொதிப்பு கெடும் என்பதே காரணம். மார்ச்சில் வடித்து நிலவறையில் காத்த ‘மெர்ட்சன்’ அந்தக் கட்டாயத்தோடு பிணைந்தது. குளிரூட்டிய கலன்களில் ஆண்டு முழுவதும் வடிக்கும் பெங்களூரு மதுக்கூடங்கள் அக்டோபரில் அதே பாணியைப் பரிமாறுகின்றன. விமர்சகர்கள் அதில் ‘பருவத்தின் சுவை’யைக் கண்டெழுதுகிறார்கள். மாம்பழ பீர் ஒன்றாவது உள்ளூர்க் கோடையை அறியும்.

ராஞ்சிப் பகுதியின் வாரச்சந்தைகளில் ஆதிவாசிப் பெண்கள் விற்கும் ஹண்டியாவும் கைவினை பீர்தான். சோறு, காட்டு வேர்கள் சேர்த்த ‘ரானு’ உருண்டை, சில நாள் நொதிப்பு. அதைச் சுவைத்து மதிப்பெண் இடுவோர் அரிது. 2020இல் ஜார்க்கண்ட் அரசு தொடங்கிய பூலோ ஜானோ திட்டமோ, அப்பெண்களை அத்தொழிலிலிருந்து விலக்கி வேறு பிழைப்புக்குக் கடன் தருகிறது. குடியின் கேடு குறித்த கவலை மெய்யானதே. அது சந்தைத் திண்ணையோடு நின்றுவிடுவது ஏன்?

திமாசா மக்களின் ஜூதிமா 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. அதில் சேரும் தெம்ப்ரா பட்டையின் மணத்துக்கு ஒரு சொல்லும் தேடாத விமர்சனம், ஜெர்மானிய ஹாப்ஸின் நுண்வேறுபாடுகளைப் பத்தி பத்தியாக அளந்துகொண்டிருக்கிறது.