பிடித்த பணம் யாருடைய பணம்?

சம்பளம் வாங்குகிறோம். கூடவே ஒரு சீட்டும் தருகிறார்கள். அதில் "பி.எப். பிடித்தம்" என்று ஒரு வரி இருக்கும். பிடித்த பணம் அப்புறம் எங்கே போகிறது என்று எத்தனை வீடுகளில் கேட்கிறார்கள்? கேட்கத்தான் வேண்டும்.

கோவையில் பம்பு செட்டுக்கு உதிரிப் பாகம் செய்யும் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். 25 பேர் வேலை பார்க்கிறார்கள். ஆளுக்கு மாதம் 12,000 ரூபாய். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பி.எப். கட்டாயம். தொழிலாளி பங்கு 100-க்கு 12. அதாவது 1,440 ரூபாய். முதலாளியும் தன் கையில் இருந்து இன்னொரு 1,440 போட வேண்டும். அதில் 1,000 ரூபாய் பென்சன் நிதிக்குப் போகும். மீதி தொழிலாளி கணக்கில் சேரும்.

1952-ல் இந்தச் சட்டம் வந்தபோது 50 பேர் இருந்தால்தான் பி.எப். 1960-ல் அதை 20 ஆகக் குறைத்தார்கள். சின்னப் பட்டறைக்காரரும் அப்போதுதான் கணக்குக்குள் வந்தார்.

நம் பட்டறையில் 25 பேரிடம் பிடித்தது 36,000 ரூபாய். முதலாளி பங்கோடு 72,000. அடுத்த மாதம் 15-ந் தேதிக்குள் கட்ட வேண்டும். சம்பளம் 7-ந் தேதி. நடுவில் எட்டு நாள். அந்த எட்டு நாளில்தான் வினை!

இரும்புக் கடைக்காரர் வாசலில் நிற்கிறார். கரண்டு பில் வந்து கிடக்கிறது. சரக்கு வாங்கிய பெரிய கம்பெனி மூன்று மாதமாகப் பணம் தரவில்லை. பெட்டியில் 36,000 ரூபாய் இருக்கிறது. "இந்த மாதம் புரட்டிக்கொள்வோம், அடுத்த மாதம் சேர்த்துக் கட்டுவோம்" என்று மனம் சொல்கிறது. அடுத்த மாதம் கட்ட வேண்டியது 1,44,000! வட்டியும் அபராதமும் தனி.

முதலாளியின் கஷ்டம் பொய் அல்ல. சிறு தொழிலாளரிடம் சரக்கு வாங்கினால் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதை மீறும் பெரிய கம்பெனிகளை யார் கேட்கிறார்கள்? சின்னவர் கதவைத் தட்டும் வேகம் அங்கேயும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆனால் அந்த 36,000 முதலாளி பணம் அல்ல. கல்யாண வீட்டில் மொய் எழுத உட்காருகிறவர், தட்டில் விழுந்த பணத்தில் தன் கடனை அடைக்கலாமா? சட்டமும் இதை வெறும் பாக்கியாகப் பார்க்கவில்லை. தொழிலாளியிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் அது நம்பிக்கை மோசடி. 5 வருடம் வரை சிறைத் தண்டனை விதிக்க இடம் இருக்கிறது.

தம் பங்கையும் தொழிலாளி சம்பளத்திலேயே பிடிக்கும் கெட்டிக்காரர்கள் சிலர் உண்டு. அதையும் சட்டம் தடுக்கிறது.

பணத்தோடு பெயர்ப் பட்டியலும் ஏற்ற வேண்டும். ஒரு பெயர் விட்டுப் போனால் அந்த ஆளுக்கு அந்த மாதம் வரவு இல்லை. இது சின்ன விஷயமா? பென்சனுக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும். வேலையில் இருக்கும்போதே தொழிலாளி இறந்துவிட்டால், குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை இன்சூரன்ஸ் உண்டு. அந்த நேரத்தில் கணக்கில் ஓட்டை இருந்தால், அழுத கண்ணோடு ஆபீஸ் ஆபீசாக அலைய வேண்டியவள் அவன் மனைவி.

முதலாளிமார்களே! சம்பளம் கொடுத்த அன்றே இந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள். முடிந்தால் அன்றே கட்டிவிடுங்கள். 15-ந் தேதி கடைசி நாள்தான், நல்ல நாள் அல்ல. ஈ.எஸ்.ஐ. பணத்துக்கும் இதே கெடுதான். அதற்கு 10 பேர் இருந்தாலே போதும்.

தாய்மார்களே! உங்கள் வீட்டுக்காரருக்கு 12 இலக்கத்தில் ஒரு பி.எப். எண் இருக்கும். கைப்பேசியில் "உமாங்" என்ற செயலியில் அவருடைய பாஸ் புத்தகத்தைப் பார்க்கலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மாதா மாதம் வரவு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மாதம் விழவில்லை என்றால் முதலில் பட்டறைக் கணக்குப்பிள்ளையிடம் கேட்கச் சொல்லுங்கள். பதில் சரியில்லை என்றால் பி.எப். ஆபீசில் மனுக் கொடுக்கலாம். சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம், நெல்லை ஆகிய ஊர்களில் ஆபீஸ் இருக்கிறது. போகும்போது சம்பளச் சீட்டுகளை மறக்காமல் எடுத்துப் போங்கள்.