ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலைன்னா புற்றுநோய் திரும்பலைன்னு அர்த்தமா?

புராஸ்டேட் புற்றுநோய்க்காக அந்தச் சுரப்பியையே அகற்றியாகிவிட்டது. அதற்குப் பிறகு ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரதம் கிட்டத்தட்ட இல்லை என்ற அளவுக்கு இறங்கிவிட வேண்டும். அதைச் சுரக்கிற சுரப்பியே இல்லையே! ஆனா சிலருக்குச் சில வருடங்கள் கழித்து அது மெல்ல ஏற ஆரம்பிக்கும். அடுத்தடுத்த இரண்டு பரிசோதனைகளில் ஒரு மில்லி லிட்டருக்கு 0.2 நானோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், நோய் திரும்புவதாக டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, எங்கே திரும்பியிருக்கு? பழைய இடத்திலா, நிணநீர்க் கணுவிலா, எலும்பிலா? இவ்வளவு குறைந்த அளவில் சி.டி. ஸ்கேனும் எலும்பு ஸ்கேனும் பெரும்பாலும் கைவிரித்துவிடும். இங்கேதான் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் வருகிறது. பி.எஸ்.எம்.ஏ. என்பது பெரும்பாலான புராஸ்டேட் புற்றுநோய் செல்களின் மேல் ஏராளமாக இருக்கும் ஒரு புரதம் (பி.எஸ்.ஏ. வேறு, இது வேறு). அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் மருந்தோடு காலியம்-68 போன்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்து ஊசியாகப் போடுவார்கள். ஒட்டிய இடம் ஸ்கேனில் பளிச்சென்று தெரியும். சிறுநீரகமும் உமிழ்நீர்ச் சுரப்பியும்கூட ஒளிரும். அது இயல்புதான், பயப்பட வேண்டாம்.

அருமையான கருவி, சந்தேகமில்லை. ஆனா எல்லாத்தையும் பிடிச்சிடுமா? கலிஃபோர்னியாவில் 635 பேரிடம் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வைப் பாருங்கள். பி.எஸ்.ஏ. 5 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களில் 97 சதவீதம் பேருக்கு நோய் இருக்கும் இடம் தெரிந்தது. 0.5-க்குக் கீழே இருந்தவர்களில்? வெறும் 38 சதவீதம்.

அதாவது, ஆரம்பக் கட்டத்தில் ஸ்கேன் 'க்ளீன்' என்று வந்தாலும், கண்ணுக்குத் தெரியாத அளவில் நோய் இருக்கலாம். "இன்னும் கொஞ்சம் ஏறட்டும், தெரிஞ்ச பிறகு பார்த்துக்கலாம்" என்று காத்திருப்பதுதான் என் பார்வையில் பெரிய ஆபத்து. ஏன்னா, ஆபரேஷன் செய்த இடத்துக்குக் கொடுக்கும் கதிர்வீச்சு சிகிச்சை, பி.எஸ்.ஏ. குறைவாக இருக்கும்போதே கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்கிறது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக, தேவைப்படும் கதிர்வீச்சைத் தள்ளிப்போடக் கூடாது என்று ஐரோப்பிய சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது.

எல்லோருக்கும் உடனே சிகிச்சை வேண்டும் என்றும் இல்லை. பி.எஸ்.ஏ. மிக மெதுவாக ஏறுகிறவர்களைக் கண்காணித்தாலே போதும் என்று டாக்டர் சொல்லலாம். அதனால் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு பழைய பி.எஸ்.ஏ. ரிப்போர்ட்டுகளையும் தேதிவாரியாக எடுத்துட்டுப் போங்க. "எத்தனை மாதத்தில் இது இரட்டிப்பாகுது டாக்டர்?" என்று கேளுங்க.