மௌனம் சம்மதமா?

யுத்தத்தை எதிர்த்து ஊர்வலம் கூட்டப்படும் போதெல்லாம் நம்மிடையே ஒரு சாரார் வீட்டிலேயே தங்கிவிடுகின்றனர். இவர்கள் யுத்தத்தை விரும்புவோரல்லர். அதன் கொடுமையைப் படித்தும் கேட்டும் நன்கறிந்தவர்கள். ஆயினும், கூட்டத்தைக் கண்டால் உள்ளம் ஒடுங்கும்; கோஷமிட நா எழாது. 'நமது சுபாவம் இதற்கு ஒவ்வாது' என்பது இவர்கள் கூறும் நியாயம். மறுசாராரோ, தொண்டை கிழியக் கத்தாதவன் போராளியே அல்லன் எனத் தீர்ப்பளித்து, இவர்களைக் கோழைகள் என்று எள்ளுகின்றனர். எதிர்ப்பு என்றால் ஓசை என்பதே இரு சாராரின் எண்ணமும். இவ்வெண்ணம் தவறானது; யுத்தவெறியருக்கு மட்டுமே நன்மை பயப்பது.

சரித்திரம் கூறுவது யாது? 1988 ஜனவரியில் ஜெருசலேம் நகரில் இஸ்ரேலியப் பெண்கள் சிலர், பாலஸ்தீன மண்ணில் தமது அரசு நடாத்திய ஆக்கிரமிப்பை எதிர்த்து வீதிக்கு வந்தனர். வெள்ளிக்கிழமை தோறும், ஒரு மணி நேரம், கறுப்புடை தரித்து, ஆக்கிரமிப்பை நிறுத்தக் கோரும் அட்டைகளை ஏந்தி, வாய் திறவாது நின்றனர். இவ்வழி பெல்கிரேட் நகருக்கும் எட்டியது. யூகோஸ்லாவியா உடைந்து சகோதர யுத்தம் மூண்ட 1991இல், ஒக்டோபர் 9ஆம் திகதி தொடங்கி, கறுப்புடைப் பெண்கள் கிழமைக்கொருமுறை பொதுவெளியில் மௌனமாக நின்றனர். தமது அரசின் யுத்தத்தையே அவர்கள் எதிர்த்தனர். வழிப்போக்கர் பலர் அவர்களைத் துரோகிகளென ஏசினர். அவர்கள் கோஷமெழுப்பவில்லை, கலைந்து செல்லவுமில்லை. தேசம் முழுவதும் தன் பின்னே நிற்கின்றது என்ற அதிகார பீடத்தின் பொய்யை, பேசாது நின்ற அந்தச் சிறு கூட்டம் வாரந்தோறும் உடைத்தது.

மௌனம் யுத்தத்தை நிறுத்திவிட்டதா என்று கேட்பர். இல்லை, பொஸ்னியாவில் 1995 வரை இரத்தம் சிந்தியது. ஆயின் ஓசை நிறுத்தியதா? 2003 பெப்ரவரி 15ஆம் திகதி உலகின் நூற்றுக்கணக்கான நகரங்களில் இலட்சோப இலட்சம் மக்கள் திரண்டு ஈராக் யுத்தம் வேண்டாமென்று முழங்கினர். மறுமாதம் 20ஆம் திகதியே பாக்தாதில் குண்டுகள் விழுந்தன. எனினும், 'மக்களின் சம்மதத்துடனேயே போரிட்டோம்' என்று பிரித்தானிய ஆட்சியாளர் பின்னர் கூற முடியாதபடி, இலண்டன் வீதிகளை நிறைத்த கூட்டம் சாட்சியாகி நின்றது. அக்கூட்டத்தைக் கணித்தவர்கள் தலைகளையே எண்ணினர். எவர் குரல் உரத்தது என்று எவரும் அளந்து பார்க்கவில்லை. கோஷமிட்டவரும் ஒருவரே, கூச்சத்துடன் ஓரமாக நடந்தவரும் ஒருவரே.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம்மவர் வாக்கு. வீட்டுக்குள் காக்கும் மௌனத்துக்கு அது முற்றும் பொருந்தும். கதவை அடைத்துக்கொண்டு உள்ளே கொதிக்கும் நெஞ்சத்தை எந்த அமைச்சரும் அறியார். அதனைத் தம் பக்கமே கணக்கிட்டுக்கொள்வார். அதே மௌனம் வீதிக்கு வந்து நிற்குமாயின், அதனைச் சம்மதமென்று எவராலும் திரித்துக் கூற இயலாது.

ஆதலின் ஊர்வலம் நடாத்தும் தோழர்களிடம் ஒன்று கேட்கின்றோம். வகுப்பின் பின்வரிசையில் வாய் பேசாதிருக்கும் மாணவனை அறிவிலி என்று நல்லாசிரியர் எவரும் தள்ளிவிடுவதில்லை. அவனுக்கும் இடமளியுங்கள். அட்டை எழுதவும், துண்டுப் பிரசுரம் வழங்கவும், தாகத்துக்கு நீர் கொடுக்கவும், அணி குலையாது காக்கவும் அமைதியான மனிதர் வேண்டும். கோஷங்களுக்கிடையே ஒரு நாழிகை மௌனமும் இருக்கட்டும்.

ஒதுங்கி நிற்கும் அன்பர்களுக்கும் ஒன்று சொல்வோம். நோயும் முதுமையும் தடுப்பின் அது வேறு. சுபாவத்தைச் சாட்டாக்குவது தகாது. குண்டு வீழும் ஊரிலும் கூச்ச சுபாவமுடையோர் வாழ்கின்றனர். குண்டு அவர்களை விலக்கி வீழ்வதில்லை. உங்கள் சுபாவத்தை மாற்றிக்கொள்ளுமாறு எவரும் கேட்கவில்லை. அதனையும் உடன் அழைத்துக்கொண்டு வாருங்கள். பேச வேண்டாம், வந்து நில்லுங்கள்.