குரங்கை வரைய ஆசையா? முதலில் குரங்கைப் பாருங்கள்!

சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் கூட்டம் பொங்கி வழியும். அருவியில் குளிப்பவர்களைக் குரங்குகள் வேடிக்கை பார்க்கும். குரங்குகளைக் குழந்தைகள் வேடிக்கை பார்ப்பார்கள்.

வீடு திரும்பியதும் குழந்தைக்குப் படம் வரைய ஆசை பிறக்கிறது. அப்பா அக்ரிலிக் வண்ணம் வாங்கித் தருகிறார். அம்மா செல்போனில் ஒரு குரங்குப் படத்தை எடுத்துக் கொடுக்கிறார். குழந்தையும் வரைந்து முடிக்கிறது. பார்த்தால், அது ஏதோ வெளிநாட்டுக் குரங்கு!

இது சரியா?

குற்றாலத்து நாட்டுக் குரங்கைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. தென்னிந்தியத் தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறு எந்தக் காட்டிலும் அது கிடையாது. தலைமயிர் குல்லாய் வைத்ததுபோல் இருக்கும். எங்கும் தென்படுவதால், அதற்கு என்ன குறை என்று நினைக்கிறோம். ஆனால், அதன் தொகை குறைந்து வருகிறது. அழியும் ஆபத்தை எதிர்நோக்கும் இனம் என்று 2020-ம் ஆண்டில் உலக விஞ்ஞானிகள் அதைப் பட்டியலில் சேர்த்தார்கள்.

வரைவதற்கு வழி என்ன?

முதல் நாள் வண்ணத்தைத் தொடவே வேண்டாம். தள்ளி நின்று பாருங்கள். வால் எவ்வளவு நீளம்? குட்டி தாயை எப்படிப் பற்றிக்கொள்கிறது? பென்சிலால் நான்கு கோடு போட்டுக்கொண்டால் போதும். பழத்தைக் காட்டி அருகே அழைக்காதீர்கள். கையில் வாங்கித் தின்று பழகிய குரங்கு, பிறகு பையைப் பறிக்கும். சாலையில் வண்டியில் அடிபடும்.

வீட்டில் முதலில் பின்னால் உள்ள பாறையையும் இலையையும் தீட்டுங்கள். அடுத்து, உடம்புக்குக் கருத்த நிறம். அது காய்ந்தபின், மயிர் படியும் திசையிலேயே வெளிர் நிறக் கோடுகள். கண்ணில் வெள்ளைப் புள்ளி கடைசியில். அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்துவிடும். தவறு நேர்ந்தால் மேலேயே மறுபடி தீட்டலாம். தூரிகையை மட்டும் உடனே தண்ணீரில் கழுவிவிட வேண்டும். காய்ந்தால் அது வீண்தான்.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். அங்கே சித்திர சபை இருக்கிறது. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று. அங்கு இறைவனே சுவரில் ஓவியமாக ஆடுகிறார். சித்திரத்துக்குச் சபை கட்டிய ஊர் அது!

அந்த ஊருக்குப் போகிறவர்கள் குழந்தையின் கையில் பழத்துக்குப் பதில் பென்சிலைக் கொடுக்கட்டும். உற்றுப் பார்த்து வரைந்த பிராணியின் மீது எந்தக் குழந்தையும் கல் எறியாது.