யாழின் பெயரும் கிட்டாரின் மரமும்

மின்கிட்டார் செய்கிறேன் என்று ஒரு மாணவன் சட்டையில் மரத்தூளோடு வந்து நின்றால் நம் தமிழாசிரியர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். யாழ் ஒலித்த காவிரிக்கரையில் இந்த இரைச்சல் எதற்கு என்பது அவர்கள் வாதம். அதே துறையில் பணிபுரிபவன் என்னும் உரிமையில் இதை மறுக்கிறேன்.

கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படை, யாழைப் பத்தர், போர்வைத்தோல், ஆணி, மருப்பு, திவவு, நரம்பு என உறுப்பு உறுப்பாகக் காட்டுகிறது. கருவியை அருகிருந்து பார்த்த கண் அது. நாமோ பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என நான்கு பெயர்களை மதிப்பெண்ணுக்காக ஒப்பிக்க வைக்கிறோம். எந்த மரம், என்ன கனம், நரம்பு இழுத்தால் எது வளையும் என்று எவரும் கேட்பதில்லை.

கிட்டார் செய்பவன் கேட்டே ஆக வேண்டும். அதன் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ எடைக்கு இழுக்கும். கழுத்துமரம் ஈரமாக இருந்தால் வில்லாக வளையும். மெட்டுகளுக்குக் கணக்கு உண்டு. தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டர் எனில் அதை 17.817ஆல் வகுக்க, முதல் மெட்டு 36.4இல் விழும். மீதி நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்துக்கொண்டே போனால் பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியான 324இல் வந்து நிற்கும். தஞ்சை வீணைக்காரர் பலாமரத் தண்டியில் மெழுகு வைத்து, செவியாலேயே இருபத்துநான்கு மெட்டுகளையும் நிறுத்துகிறார். இவ்விரு வழிகளின் வேறுபாட்டை எந்தப் பாடநூலைவிடவும் அம்மாணவனின் விரல் தெளிவாக அறியும்.

மெருகேற்றுவது இன்னும் கடுமையான ஆசிரியர். உப்புத்தாளை 120, 180, 240 என்று படிப்படியாக மாற்றி, மரத்தின் நாரோட்டத்திலேயே தேய்க்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் திருக்காட்டுப்பள்ளியில் லாக்கர் பூசினால் அது பால்போல் வெளுத்துவிடும். தை வெயிலுக்குக் காத்திருக்கும் பொறுமையை மரமே கற்பிக்கிறது.

காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும் கடையில் வாங்கியவைதானே, இது செய்வதாகுமா என்பர் சிலர். வீணைக்காரர் மட்டும் தந்தியைத் தாமே இழுக்கிறாரா? 1963இல் பிரையன் மே என்னும் ஆங்கிலேய இளைஞர் தம் தந்தையோடு சேர்ந்து, பழைய கணப்பு மாடத்து மரத்தில் கழுத்தைச் செதுக்கித் தொடங்கிய கிட்டார் பின்னர் உலக மேடைகளில் ஒலித்தது. இங்கும் கிட்டார் செய்யக் கற்ற தருண் சேகர் அதே கைகளால் யாழையும் மீட்டுருவாக்கியிருக்கிறார்.

விபுலாநந்த அடிகள் விஞ்ஞானமும் கணிதமும் கற்றவர். அதனால்தான் 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட அவரது யாழ்நூல் வெறும் புகழ்ச்சியாக நின்றுவிடாமல் அளவுகளைப் பேசியது. அவர் வழியைப் போற்றுகிறோம். அவ்வழியில் நடப்பவனைப் பழிக்கிறோம். இது என்ன நியாயம்?

நம் உண்மையான நோய் மேற்கத்திய இசை மீதுள்ள வெறுப்பன்று. உளி பிடிக்கும் கையை ஏடு பிடிக்கும் கைக்குத் தாழ்வாக எண்ணும் பழக்கம். தமிழ்த்துறைகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு தச்சரை ஆசிரியராக அழைத்து அமர்த்தட்டும். யாழைப் பற்றிப் பேசும் தகுதி அதன் பிறகு நமக்கு வரும்.