கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் இடையிலான தூரம்

திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டிற்கு விருந்தினராகச் சென்றால், முதலில் கையில் தரப்படுவது இளஞ்சூடான ஒரு குவளை நீர். சீரகமோ பதிமுகமோ இட்டுக் கொதிக்க வைத்த நீர் அது. தமிழகத்திலிருந்து இங்குக் குடிவந்த புதிதில் இதனை நாவின் பழக்கம் என்றே கருதியிருந்தேன். சில ஆண்டுகள் சென்ற பின்னரே இதில் ஒரு தற்காப்பும் உண்டு என்பது புலப்பட்டது. வீட்டின் முன்புறம் கிணறு, பின்புறம் கழிவுக்குழி, இரண்டிற்கும் நடுவே சில அடி மண். அந்த மண்ணை முழுவதும் நம்ப இயலாமையால் நீரைக் கொதிக்க வைத்தே குடிக்கின்றனர்.

கேரளம் கிணறுகளின் நாடு. கடலோரத்தில் சதுர கிலோமீட்டருக்கு 200, இடைநாட்டில் 150, மலைநாட்டில் 70 கிணறுகள் என்பது நிலத்தடி நீர்த்துறையினர் நெடுங்காலமாகக் கூறிவரும் கணக்கு. தலைநகருக்கு அருவிக்கரையிலிருந்து 1933 முதல் குழாய்நீர் வந்துகொண்டிருக்கிறது. நகர எல்லையைத் தாண்டிய ஊராட்சிகளிலோ, குழாய் வந்த பின்னரும் பல வீடுகளுக்குக் கிணறே துணை. கழிப்பறையும் இங்கு ஏறக்குறைய வீடுதோறும் உண்டு. 2016 நவம்பர் முதல் நாளன்று, திறந்தவெளியில் மலம் கழித்தல் அற்ற மாநிலமாகக் கேரளத்தின் ஊரகப் பகுதிகள் அறிவிக்கப்பட்டன. இது பெருமைக்குரிய செய்தியே. ஆயினும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. கழிப்பறை கட்டியதனால் கழிவு இல்லாமற் போவதில்லை. வயல்வெளியில் கிடந்தது, இப்போது நம் வீட்டு மண்ணுக்குள், நம் கிணற்றின் அருகே வந்து சேர்ந்திருக்கிறது.

இதனால் விளையக்கூடிய கேட்டை உலகம் 170 ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுவிட்டது. 1854 ஆம் ஆண்டு இலண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவி 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிராட் தெருவில் இருந்த பொதுப் பம்பின் நீரே காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ கூறினார். அதனை நம்பாத ஹென்றி வைட்ஹெட் என்னும் பாதிரியார் தாமே வீடு வீடாகச் சென்று விசாரித்தார். நோயுற்ற ஒரு குழந்தையின் துணிகளை அலசிய நீர், அருகிலிருந்த வீட்டின் கழிவுக்குழியில் ஊற்றப்பட்டதை அவரே கண்டறிந்தார். பின்னர் அவ்விடத்தைத் தோண்டிப் பார்த்தபோது, குழியின் செங்கற்சுவர் சிதைந்திருந்தது. அதற்கும் பம்பின் கிணற்றுக்கும் இடையே மூன்றடித் தூரமும் இல்லை.

நம் ஊரில் நிலைமை அத்துணை மோசமன்று. கேரளக் கட்டட விதிகள், குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் இடையே குறைந்தது 7.5 மீட்டர் இருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் மூன்று சென்ட் மனையை எண்ணிப் பாருங்கள். அதன் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 121 சதுர மீட்டர். சதுரமான மனையாயின் ஒரு பக்கம் 11 மீட்டர் மட்டுமே. நம் குழியை நம் கிணற்றிலிருந்து விலக்கினால், அது அடுத்த வீட்டுக் கிணற்றை நெருங்கிவிடுகிறது.

செப்டிக் டேங்க் என்று நாம் சொல்வதும் பல வீடுகளில் உண்மையில் செப்டிக் டேங்க் அன்று. முறையான தொட்டிக்கு அடித்தளமும் சுவரும் நீர் கசியாதவாறு பூசப்பட்டிருக்கும். கசடு அடியில் தங்க, மேலே தெளிந்த நீர் மட்டும் உறிஞ்சுகுழிக்குச் செல்லும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை அகற்ற வேண்டும். பல வீடுகளில் இருப்பதோ, சிமெண்டு உறைகளை அடுக்கிய, அடித்தளமற்ற குழி. “இருபது ஆண்டாயிற்று, எங்கள் குழி இன்னும் நிறையவே இல்லை” என்று பெருமையுடன் கூறுவோரை நான் கண்டிருக்கிறேன். நிறையாத குழி நல்ல குழி அன்று. அதன் கழிவுநீர் எங்கோ சென்றுகொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். இடவப்பாதி மழையில் நிலத்தடி நீர் மேலேறிக் குழியின் அடியைத் தொடும்போது, அந்த ‘எங்கோ’ நம் கிணறாகவும் இருக்கலாம்.

கொதிக்க வைத்தால் போதாதோ என்று கேட்கலாம். குடிக்கும் நீருக்கு அது போதும். ஆனால் பல் துலக்குவதும் பாத்திரம் கழுவுவதும் பச்சைநீரில்தான். கொதித்த நீர் விரைவில் ஆறட்டும் என்று அதில் பச்சைநீரைக் கலப்பதும் உண்டு. 2024 ஆம் ஆண்டு எர்ணாகுளம் மாவட்டம் வேங்கூர் ஊராட்சியில் மஞ்சள்காமாலை பரவி இருநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். குடிநீர் வழியே பரவிய நோய் அது. கல்வியறிவிலும் மருத்துவ வசதியிலும் முன்னிற்கும் மாநிலத்திலேயே இது நிகழ்ந்தது.

இதில் மற்றோர் உயிர்க்கேள்வியும் அடங்கியுள்ளது. குழி நிறைந்துவிட்டால் யாரை அழைக்கிறோம்? 2013 ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடையிலோ கழிவுத்தொட்டியிலோ இறக்குவதை அனைவருக்கும் தடை செய்கிறது. அத்தடை நகராட்சிக்கு மட்டுமன்று, வீட்டு உரிமையாளருக்கும் உரியது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இவ்வாறு இறப்போரின் குடும்பத்திற்குரிய இழப்பீட்டை 10 இலட்சத்திலிருந்து 30 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. இந்த நகரத்து இளம் பொறியாளர்கள் ஆள்நுழைவுக் குழிகளைத் தூய்மை செய்ய உருவாக்கிய ‘பேண்டிகூட்’ எந்திரம் 2018 முதல் பயனில் உள்ளது. இருந்தும், 2024 சூலை 13 அன்று தம்பானூரில் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்தே அவர் உடல் கிடைத்தது. நாம் கண்ணுக்கு மறைவாகத் தள்ளிவிடும் கழிவை யாரோ ஒருவர் தம் கையால் தொட நேர்கிறது என்பதை அந்நாள் எனக்கு உணர்த்தியது.

தீர்வு இல்லாமல் இல்லை. முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் திறனுடைய நிலையம் இருக்கிறது. உரிமம் பெற்ற ஊர்திகள் வீட்டுக் கசடை எடுத்துச் சென்று அங்கே சேர்க்கும் ஏற்பாடும் உண்டு. ஆனால் தொலைவிலுள்ள ஊராட்சிகளுக்கு ஒரே நிலையம் போதாது. புதிய நிலையம் என்றதும், “வேண்டும், எங்கள் ஊரில் மட்டும் வேண்டா” என்ற குரல் எழுகிறது. அக்குரலை நான் இகழமாட்டேன். விளப்பில்சாலையில் நகரத்தின் குப்பை கொட்டப்பட்டபோது அவ்வூர் மக்கள் பட்ட துன்பமும், 2011 டிசம்பரில் அந்நிலையம் மூடப்பட்டதும் இங்கு எவரும் மறவாதவை. ஒழுங்காகப் பராமரிக்கப்படும் என்ற நம்பிக்கை பிறந்தால்தான் இடம் கிடைக்கும்.

அந்த நம்பிக்கையை வளர்க்கும் வழியையும் கேரளமே காட்டியிருக்கிறது. 2000 ஆம் ஆண்டு உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய ஜலநிதித் திட்டத்தில், ஊரகக் குடிநீர் அமைப்பின் மூலதனத்தில் 15 விழுக்காட்டைப் பயனாளிகளே செலுத்தினர். இயக்கும் செலவையும் பராமரிப்புச் செலவையும் முழுமையாக அவர்களே ஏற்றனர். தாமே பணம் போட்ட குழாய் உடைந்தால் மக்கள் மனுக் கொடுத்துக் காத்திராமல் பழுது பார்ப்பவரை அழைத்து வருவர். மேற்கு ஆப்பிரிக்க ஊர்களில் நன்கொடையாகப் பொருத்தப்பட்ட கைப்பம்புகள் பல, ஓர் உதிரிப்பாகம் வாங்க நிதியும் பொறுப்பாளரும் இன்றி நின்றுபோயின. கட்டுவதற்குக் கிடைக்கும் பணம் பராமரிப்பதற்குக் கிடைப்பதில்லை என்பது எல்லா நாட்டிற்கும் பொதுவான குறை.

இவ்விடத்தில்தான் வங்கி வாடிக்கையாளராகிய நமக்குப் பங்கிருக்கிறது. வீடு கட்டக் கடன் பெறும்போது தரைக்கல்லின் நிறத்தைப் பல நாள் ஆராய்கிறோம். கழிவுத்தொட்டியின் இடத்தைக் கொத்தனாரின் விருப்பத்திற்கு விட்டுவிடுகிறோம். வீட்டுக் கழிப்பறை கட்டவும் சீரமைக்கவும், வீட்டளவில் குடிநீர் வசதியை மேம்படுத்தவும் வழங்கப்படும் கடன்களை, குறிப்பிட்ட வரம்புக்குள் முன்னுரிமைத் துறைக் கடன்களாக இந்திய ரிசர்வ் வங்கி ஏற்றுள்ளது. இதனைப் பலர் அறியார். வங்கிகளும் ஓர் அடி முன்வரலாம். வீட்டுக் கடனுக்காக வரைபடத்தைப் பார்வையிடும் பொறியாளர், கிணற்றுக்கும் குழிக்கும் உள்ள தூரத்தையும், தொட்டியின் அடித்தளம் பூசப்படுகிறதா என்பதையும் குறித்துத் தர வேண்டும் என்பது என் கருத்து. அடைமானமாக ஏற்கும் வீட்டின் மதிப்பில், அவ்வீட்டுக் கிணற்றின் தூய்மையும் ஒரு பகுதியன்றோ?

வாசகர்கள் செய்யக்கூடியவை மூன்று. இவ்வார இறுதியில் ஒரு நாடாவை எடுத்து, உங்கள் கிணற்றிலிருந்து உங்கள் குழிக்கும் அண்டை வீட்டுக் குழிக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். மழைக்கு முன்னும் பின்னும் கிணற்றுநீரை நீர் ஆணையத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடை அகற்றும் செலவுக்கென ஒரு சிறு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கி, உரிமம் பெற்ற ஊர்தியையே அழையுங்கள். மாதம் ஒரு சிறு தொகையே ஆகும்.

எங்கள் வீட்டில் அளந்தபோது ஐந்தரை மீட்டர் இருந்தது. பழைய குழியை மூடி, அடித்தளம் பூசிய புதிய தொட்டியை மனையின் மறுகோடியில் கட்டினோம். அடுத்த வீட்டுக்காரரும் உடன் வந்து, தம் கிணற்றிலிருந்து நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நீரை இன்றும் கொதிக்க வைத்தே குடிக்கிறோம். ஆனால் இப்போது அதில் அச்சத்தைவிடப் பதிமுகத்தின் மணமே மிகுதி.